மூன்றாவது பெஞ்சுக்கு வந்துபோன மந்திரி

மேலப்பாறையில் பஞ்சாலை ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ஆலைச் சங்கு ஊதினால் குளத்துக் கொக்குகள் எல்லாம் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி அதே இடத்தில் வந்து உட்கார்ந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆட்களின் தலைமுடியில் பஞ்சு ஒட்டாமல் எண்ணெய் மினுங்கிய அந்தக் காலத்தில், மந்திரி அழகுவேல் வாரம் தவறாமல் அந்த ஊர் வேதக்கோயிலுக்கு வந்துபோனார். காரில் வரவில்லை. முன்னாலும் பின்னாலும் போலீஸ் வரவில்லை. மாலை வாங்கி வைக்கும் வேலையும் யாருக்கும் இருக்கவில்லை. பாட்டு முடிந்து, எல்லாரும் முழங்கால்படியிட்டு, நாட்டை ஆளுகிறவர்களுக்காக ஜெபிக்கிற இடம் வந்ததும் மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். ஆமென் என்றதும் இருக்கமாட்டார்.

முதன்முதலில் அவரைக் கொண்டுவந்தவள் எப்சிபாய்.

எப்சிபாய் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். அவள் புருஷன் நவமணி ஆலையில் ஃபிட்டர். முந்தின வருஷம் ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது, தொழிலாளர் பக்கம் நிற்பேன் என்று மேடையில் சொன்ன மந்திரி அழகுவேல் முதலாளி வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலையில் ஆலைவாசலில் உட்கார்ந்திருந்தவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியது. தலையைக் காத்துக்கொள்ள நவமணி தூக்கிய வலது கையில்தான் தடி விழுந்தது. எலும்பு கூடியது, ஆனால் விரல்கள் மடங்கவில்லை. ஸ்பானரைப் பிடிக்க முடியாதவனை ஆலை திரும்ப எடுக்கவில்லை. சட்டைப் பொத்தானைக்கூட எப்சிபாய்தான் போட்டுவிட வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை.

அந்தக் கோயிலில் மன்றாட்டு ஜெபத்தை வாரம் ஒருவராக முறைவைத்து ஏறெடுப்பார்கள். எப்சிபாயின் முறை வந்த ஞாயிற்றுக்கிழமை, அவள் மழைக்காகக் கேட்டாள், நோயாளிகளுக்காகக் கேட்டாள், பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்காகக் கேட்டாள், ஆளுகிறவர்களுக்காக என்ற இடம் வந்ததும் நின்றுபோனாள். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள். யாரோ இருமினார்கள். பிறகு அவள் ஜெபத்துக்கான பாஷையை விட்டுவிட்டு, அடுப்படியில் பேசுகிற மாதிரியே பேசினாள்.

“ஆண்டவரே, இந்த மந்திரியை எனக்குப் பிடிக்காது. அது உமக்கும் தெரியும். அவருக்காக நல்லது கேக்க எனக்கு வாய் வரல, கெட்டது கேக்கவும் பயமா இருக்கு. அதனால ஒண்ணும் கேக்கல. ஆளை மட்டும் உம்ம சமுகத்துல கொண்டாந்து வைக்கேன். நீரே பாத்துக்கிடும்.”

சவரச் சோப்பின் வாசம் வந்தது. கண்ணைத் திறந்தவர்கள் பார்த்தபோது பெண்கள் பக்கத்து மூன்றாவது பெஞ்சில், தோளில் துண்டும் பனியனும் லுங்கியுமாக, ஒரு கன்னத்தில் நுரையும் ஒரு கன்னம் வழவழவென்றுமாக மந்திரி அழகுவேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த அம்மாள் முந்தானையை இழுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். மந்திரியின் கண் திறந்திருந்தது. ஆனால் எதிரே இருந்த யாரையும் அது பார்க்கவில்லை. எப்சிபாய் என்ன செய்வதென்று தெரியாமல் அடுத்து விதவைகளுக்காக ஜெபித்து, தாழ்ந்த குரலில் ஆமென் என்றாள். சபையும் ஆமென் என்றது. பெஞ்சில் ஒரு சொட்டு நுரை மட்டும் இருந்தது. கோயிலைக் கூட்டிப் பெருக்குகிற கோயில்பிள்ளை அதைத் துடைத்தார். காணிக்கைப் பாட்டு ஆரம்பமானது.

சமுகத்தில் கொண்டுவந்து வைக்கிறோம் என்று அவர்கள் பரம்பரையாகச் சொல்லிவந்த வார்த்தைதான் அது, யாரும் வந்ததில்லை. இப்போது மட்டும் ஏன் வந்தார் என்று அந்த ஊர் ரொம்ப யோசிக்கவில்லை. ஆலையில் முறைநேரம் மாறினால் தூக்கத்தை மாற்றிக்கொள்கிற ஜனங்கள், இதற்கும் மாற்றிக்கொண்டார்கள். வந்தவர் ஆண்பிள்ளை, பெண்கள் பெஞ்சில் உட்காரலாமா என்பதுதான் முதல் சச்சரவாக இருந்தது. உபதேசியார் சத்தியநேசன், பாதிரியார் வராத வாரங்களில் ஆராதனை நடத்துகிறவர், அடுத்த வாரம் மூன்றாவது பெஞ்சைத் தூக்கி ஆண்கள் பக்கம் போட்டு, மன்றாட்டு ஜெபத்தையும் அதுமுதல் தானே ஏறெடுத்தார். மந்திரி அங்கே வந்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்த நேரத்தில் சென்னை வீட்டில் எப்படி இருப்பாரோ அப்படியேதான் வருவார். ஒரு வாரம் கையில் பாதி இட்லி இருந்தது. ஒரு வாரம் தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, இடுப்பில் துண்டோடு வந்துவிட்டார். அதற்கப்புறம் கோயில்பிள்ளை ஒரு போர்வையை எப்போதும் தயாராக மடித்து வைத்திருந்தார். ஸ்டேஷனிலிருந்து விசாரிக்க வந்த ஏட்டையா, லுங்கியோடு இருந்த மந்திரிக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டுக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் இந்து, ஆனாலும் அதிலிருந்து வாரம் தவறாமல் வந்து சல்யூட் அடித்தார். பக்கத்து ஊர்ச் சபையார் இதைக் கேள்விப்பட்டு டில்லியில் இருக்கிறவர்களையே வரவழைத்துக் காட்டுகிறோம் என்று ஒரு மாசம் முயன்று பார்த்தார்கள். அங்கே ஒரு ஆடு மட்டும் உள்ளே வந்ததாம்.

சங்கத் தலைவர் ரத்தினசாமி ஒரு மனுவை எழுதி மந்திரியின் மடியில் வைத்தார். ஆமென் என்றதும் மனு பெஞ்சில் கிடந்தது. பெரிய கல்லாக எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தார். கல்லும் மனுவும் கிடந்தன. கொடுத்தது எதுவும் அவரோடு போகாது என்று ஊருக்குத் தெரிந்தது. ஆனால் ஒரு வாரம் அவர் வாயோரத்தில் ஒட்டியிருந்த சட்னியை ஒரு கிழவி முந்தானையால் துடைத்துவிட்டாள். மறுநாள் ஆலை கேண்டீனில் பேப்பர் பார்த்தவர்கள், அவர் அன்றைக்குக் கல்யாண வீட்டில் எடுத்துக்கொண்ட படத்தில் முகம் துடைத்தாற்போல் இருக்கிறது என்றார்கள். கொடுப்பது போகாவிட்டாலும் செய்வது போகும் என்று அதிலிருந்து பேச்சு உண்டானது. அந்தப் பேச்சு ஊரைக் கொஞ்சம் பயப்படுத்தியது. செய்வது போகுமென்றால் அடியும் போகுமே.

பாதிரியார் வந்தபோது, மந்திரியை என்ன செய்வதென்று அவரிடம் கேட்டார்கள். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே வெகுநேரம் யோசித்தார்.

“கூப்பிட்டு வந்தவரை, அவரு சத்துருவாவே இருந்தாலும், என்ன செய்யணும்னு வேதத்துல இருக்கு. அதை நீங்க எல்லாரும் மனப்பாடமாச் சொல்லுவிய. என்னை எதுக்குக் கேக்கிய?” என்றார்.

மழைக்காலம் தொடங்கியபோது எப்சிபாய் மந்திரியின் இடது குதிகாலைக் கவனித்தாள். செருப்பில்லாமல் வந்திருந்தார். குதிகாலில் ஒரு புண், ஓரம் வெளுத்து, நடுவில் பள்ளம் விழுந்து. சர்க்கரைக்காரர்களுக்கு வருகிற புண் என்று பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்தது. இப்படியே விட்டுவிட்டுக் காலையே எடுத்தவர்களை அவள் ஆஸ்பத்திரியில் பார்த்திருந்தாள். அந்த வாரம் ஒன்றும் செய்யவில்லை. அடுத்த வாரமும் செய்யவில்லை. வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் வாரம் பைபிளோடு பஞ்சும் மருந்தும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு போய், அவர் வந்ததும் கீழே உட்கார்ந்து, குதிகாலைத் தன் மடியில் எடுத்து வைத்துக் கழுவ ஆரம்பித்தாள்.

உபதேசியார் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு ஜெபத்தை நீட்டினார். மந்திரிகளுக்குப் பிறகு கலெக்டருக்காக ஜெபித்தார், தாசில்தாருக்காக ஜெபித்தார், கிராம முன்சீப்புக்காகவும் தலையாரிக்காகவும் ஜெபித்தார், கட்டு முடியாததைப் பார்த்துத் தபால்காரரையும் ஆளுகிறவர்களில் சேர்த்துக்கொண்டார். ஆமென் என்றதும் கட்டுத்துணி அவிழாத சுருளாகப் பெஞ்சின் கீழே கிடந்தது. ஆனால் அடுத்த வாரம் வந்தபோது புண்ணின் வெளுத்த ஓரம் சிவந்து ஆறத் தொடங்கியிருந்தது.

முதலில் மருந்து போட்ட அன்றைக்கு நவமணி வீட்டில் சாப்பிடவில்லை. சட்டையைக் கழற்ற அவள் கிட்டே வந்தபோது விலகி நின்றான்.

“என் கையை ஒடிச்சவன் காலுக்கு நீ மருந்து போடுத.”

“ஆமா.”

“ஊர் பாக்க, மடியில தூக்கி வச்சு.”

“கீழ வச்சுக் கழுவ முடியாதுங்க. மண்ணு பட்டுரும்.”

“எப்சி, நான் அதைக் கேக்கல.”

சட்டைக்கு நீட்டிய கையை அவள் இறக்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “எனக்கு அவரு மேல உள்ள கோவம் போகல. கோவத்தோடதான் கழுவினேன். போகட்டும்னு ஆண்டவரைக் கேட்டேன், அவரும் போக்கல. ஆனா அந்தப் புண்ணைப் பாத்துட்டு எனக்குச் சும்மா இருக்க முடியல. இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல.”

அதற்கப்புறம் நவமணி அந்த ஜெபம் வரும்போது எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்பான். வீட்டில் பேச்சு வற்றிப்போனது. சட்டைப் பொத்தானை ஒற்றைக் கையால் போடப் பழகிக்கொண்டான். ரொம்ப நேரம் ஆகும், மேல்பொத்தான் கீழ்த்துளையில் விழும், அப்படியே போவான். அவள் பார்த்துக்கொண்டு இருப்பாள். புண் ஆறிக்கொண்டு வந்தது, வீடு ஆறவில்லை.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நவமணி வெளியே போகாமல் கதவோரத்திலேயே நின்றான். மந்திரி வந்தார். நவமணி நடந்துவந்து அவர் முன்னால் நின்றான். சபையில் அசைவில்லை, ஏட்டையா எழுந்திருக்கப் போய் உட்கார்ந்துவிட்டார். தடுக்க யாருக்கு உரிமை இருக்கிறது என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்க வேண்டும். எப்சிபாய் மடியில் இருந்த குதிகாலை விடவுமில்லை, நிமிர்ந்து பார்க்கவுமில்லை. உபதேசியார் தலையாரியின் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு மந்திரி இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு வந்திருந்தார். வீட்டில் யாரோ அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்களோ, தலைவலியோ தெரியாது. அடிக்கு ஒதுங்குகிறவன் மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டு, வெளுத்த கண்ணோடு உட்கார்ந்திருந்தார். நவமணி இடது கையை ஓங்கித்தான் இருந்தான். கை அப்படியே நின்றது. பிறகு அதை இறக்கிப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“எங்களை எதுக்கு அடிக்கச் சொன்னிய?” என்று கேட்டான்.

 ஆமென் வந்தது, அவர் போனார். நவமணி அந்தப் பெஞ்சிலேயே ஆராதனை முடிகிறவரை இருந்தான். சாயங்காலம் எப்சிபாயிடம், “ஆறிட்டுதா அந்தப் புண்ணு?” என்று கேட்டான். பல மாசத்துக்கப்புறம் அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

தேர்தல் வந்தது. மந்திரி அழகுவேல் உண்மையாகவே, ஜீப்பில் நின்றபடி, கரைவேட்டியும் கூப்பிய கையுமாக மேலப்பாறைக்கு வந்தார். ஆலைவாசலில் கறுப்புக் கொடியோடு ஊரே நின்றது. ஞாயிற்றுக்கிழமை வந்தவருக்குப் போர்வை போர்த்தியவர்கள், வாய் துடைத்தவர்கள், எல்லார் கையிலும் கொடி இருந்தது. எப்சிபாயும் பிடித்திருந்தாள். இரண்டுக்கும் முரண் இருப்பதாக அங்கே யாருக்கும் தோன்றவில்லை. ஜீப் கூட்டத்தில் சிக்கி நின்றபோது அவள் கிட்டே போனாள்.

“எங்க ஓட்டு ஒங்களுக்குக் கிடையாது, ஐயா. அது வேற விஷயம். குதிகால் எப்படி இருக்கு?”

கூப்பிய கை பிரிந்தது. “உங்களுக்கு யாரும்மா சொன்னா?”

“யாரும் சொல்லல. ஞாயித்துக்கிழமைதோறும் பாக்கோமில்லா.”

அவர் ஜீப்பிலிருந்து குனிந்து, கட்சிக்காரர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார். “ஞாயித்துக்கிழமை காலையில எனக்கு ஒரு தூக்கம் வரும். உக்காந்தபடியே. கண்ணு முழிச்சா காதுல பாட்டுச் சத்தம் இருக்கும், கால் வலி குறைஞ்சிருக்கும். வீட்டுல சொன்னா சர்க்கரை ஏறிப்போச்சுன்னு சிரிக்கிறாங்க.”

“சர்க்கரையும்தான் ஏறியிருக்கு. இனிப்பைக் குறைங்க,” என்றாள் எப்சிபாய்.

நவமணி அவள் பின்னால் வந்து நின்றிருந்தான். கோயிலில் கேட்ட கேள்வியையே, அதே குரலில் கேட்டான். அழகுவேல் அவன் கையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“அடிக்கச் சொல்லல தம்பி. போன் வந்தப்போ சாப்பிட்டுட்டிருந்தேன். என்ன செய்யலாம்னு கேட்டாங்க. உங்க இஷ்டம்னு சொல்லி வெச்சுட்டேன். அடிக்காதீங்கன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல.”

நவமணி தலையசைத்தான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை; அவரும் கேட்கவில்லை. ஜீப் நகர்ந்தது. கூட்டம் ஒழிக என்றது. நவமணியும் எப்சிபாயும்கூட ஒழிக என்றார்கள்.

அவர் தோற்றார். மேலப்பாறையில் வெடி போட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் புது மந்திரிக்காக ஜெபித்தார்; அவர் இவர்களுடைய ஆள், இவர்கள் ஓட்டுப் போட்டு வந்தவர். ஆலை ஆட்களுக்கு போனஸ் கேட்டார்கள், ரோடு கேட்டார்கள், குளத்துக்கு மதகு கேட்டார்கள். யாரும் வரவில்லை. மூன்றாவது பெஞ்சின் ஓரம் காலியாகக் கிடந்தது. கோயில்பிள்ளை போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஊர் தான் ஜெயித்த வாரத்தில் அப்படி ஒரு வெறுமையை எதிர்பார்க்கவில்லை.

அவர் இப்போது ஆளுகிறவர் இல்லையே, எந்த இடத்தில் வைத்து ஜெபிப்பது என்றார் உபதேசியார். நோயாளிகளில் வையுங்கள் என்றாள் எப்சிபாய். அப்படியே வைத்தார்கள், அவரும் வந்தார். மெலிந்திருந்தார். சென்னையில் அவர் வீட்டு வாசலில் இப்போது யாரும் நிற்பதில்லை என்று பேப்பர் படிக்கிறவர்கள் சொன்னார்கள். ஏட்டையா மட்டும் பழையபடி சல்யூட் அடித்தார். இரண்டு மூன்று வருஷம் அப்படியே போனது. இன்றைக்கு அந்த ஊர்க்காரர்கள் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் எங்கெங்கோ இருக்கிறார்கள், ஆலை இருந்த இடத்தில் கருவேலம் நிற்கிறது. ஆனால் ஒருவரையொருவர் கண்டால் அந்த வருஷங்களைத்தான் பேசுவார்கள். மழைச்சத்தத்தில் பாட்டு அமுங்கிப்போன காலைகளையும், தோற்றுப்போன மனிதர் ஒருவர் தங்கள் நடுவே தூங்கினதையும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் படுத்தபடி வந்தார். ஆஸ்பத்திரித் துணி போட்டிருந்தது. மூச்சு மேலேயே நின்று நின்று வந்தது. எப்சிபாய் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு உபதேசியாரைப் பார்த்தாள், அவருக்குப் புரிந்தது. ஆமென் என்றால் அவர் போய்விடுவார். அங்கே அவர் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா, இல்லை, தனியாகக் கிடக்கிறாரா என்று தெரியாது. ஆகவே யாரும் ஆமென் சொல்லவில்லை. உபதேசியார் தெரிந்த சங்கீதங்களை எல்லாம் சொன்னார். குரல் கட்டினதும் பாட ஆரம்பித்தார்கள். வெயில் ஜன்னலிலிருந்து இறங்கிச் சுவரில் ஏறியது. வீடுகளில் அடுப்பு அணைந்தது. முழங்கால் மரத்தவர்கள் கையை ஊன்றிக்கொண்டார்கள். நவமணி வந்து பெஞ்சில் உட்கார்ந்து, அழகுவேலின் தலையைத் தூக்கித் தன் தொடையில் வைத்துக்கொண்டான். அந்த மடங்காத விரல்களால் அவர் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினான்.

எப்சிபாய் அவன் காதருகே குனிந்தாள்.

“அவரு வீட்டம்மா எழுப்பிப் பாத்துக்கிட்டு இருப்பாவ. நாம பிடிச்சு வச்சிருக்கோம்.”

அவன் அவர் நெற்றியிலிருந்து கையை எடுத்தான். பிறகு, “ஆமென்,” என்றான். அவன் தொடை லேசானது. மெல்ல மெல்லச் சபையும் ஆமென் என்றது. ராத்திரி ரேடியோவில் செய்தி சொன்னார்கள்.

ஒரு மாசம் கழித்து, ஒரு புதன்கிழமை மத்தியானம், பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு அம்மாள், தேர்தலப்போ மந்திரியின் குதிகாலை விசாரித்தது யார் என்று ஊரில் கேட்டுக்கொண்டு மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நெற்றியில் பொட்டில்லை, திருநீறு மட்டும் இருந்தது. அழகுவேலின் மனைவி கோமதி. எப்சிபாய் அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் பெஞ்சைக் காட்டினாள். அந்த அம்மாள் உட்கார்ந்து, பலகையைக் கையால் தடவிப் பார்த்தாள்.

“இங்க என்ன பேசுவாரு?”

“ஒண்ணும் பேசமாட்டாவ.”

“வீட்டுலயும் அப்படித்தான்.” அவள் கொஞ்சம் சிரித்தாள். பிறகு சொன்னாள். “அன்னைக்குக் காலையிலேருந்து எழுப்பறேன், எழுந்திரிக்கல. போயிட்டாருன்னு நினைச்சேன். மத்தியானத்துக்கு மேல கண்ணு முழிச்சாரு. என்னைப் பார்த்து, ‘மேலப்பாறையில எல்லாரும் சாப்பிடாம முழங்கால்ல இருக்காங்க கோமதி, எழுந்திரிச்சுப் போயிச் சாப்பிடச் சொல்லு’ன்னாரு. அப்புறம் பேசல. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

எப்சிபாய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“உங்க ஊருக்கு அவர் செஞ்சது தப்பு,” என்றாள் கோமதி.

“ஆமா, தப்புதான்,” என்றாள் எப்சிபாய்.

 அப்புறம் எப்சிபாய் அவளை வீட்டுக்கு அழைத்துப்போய் இலை போட்டாள். கத்தரிக்காய்க் குழம்பும் அப்பளமும்தான் இருந்தது. கோமதி இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சாயங்கால பஸ்ஸுக்கு அவள் கிளம்பியபோது நவமணி அவள் பையை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தான். ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, பஸ் புறப்படுகிறவரை வெயிலில் நின்றான்.